எந்த ஸ்டேஷனுக்குப் போவது?



“வண்டியின் ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது. வீடு மடிப்பாக்கத்தில், தொலைத்தது தி.நகரில். எந்த ஸ்டேஷனுக்குப் போவது?” “வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திருடிவிட்டார்கள். பக்கத்து ஸ்டேஷனா, சைபர் போலீஸா?” “அம்மா தனியாக இருக்கிறார், நாங்கள் வெளியூரில். போலீஸில் சொல்லிவைக்கலாம் என்கிறார்களே, எப்படி?” சென்னை வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் இப்படிப்பட்ட கேள்விகள் கூடிக்கொண்டே வருகின்றன. எழுதுபவர்கள் படித்தவர்கள், நாலு இடம் போய்வந்தவர்கள். ஆனாலும் காவல் நிலையம் என்றதும் அவர்களுக்குக் கால் தயங்குகிறது.

தயக்கத்தின் காரணம் நமக்குத் தெரியாததல்ல. “போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியை மிதித்ததே இல்லை” என்பதைக் குடும்ப கௌரவமாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த கௌரவத்தோடு சேர்ந்து அறியாமையும் வளர்ந்துவிட்டது. ஆபத்து வந்து நிற்கும் நாளில் எங்கே போவது, யாரைக் கேட்பது, கையில் என்ன வாங்கிக்கொண்டு திரும்புவது என்று தெரியாமல் தவிக்கிறோம். அதனால்தான் இந்த இதழில் சென்னை பெருநகரக் காவல்துறையைப் பற்றித் தனிப்பகுதி வெளியிடுகிறோம். அதற்கு முன்னுரையாகச் சில விஷயங்களை உங்களோடு பேச ஆசை.

சென்னை நகரப் போலீஸ் பழையது. கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஆகிய மூன்று நகரங்களுக்குமாக 1856-இல் வந்த சட்டத்தின் கீழ் ஆணையர் தலைமையில் இயங்கத் தொடங்கியது. 1888-இல் நகரத்துக்கென்றே தனிப் போலீஸ் சட்டம் வந்தது. மாவட்டங்களுக்கான போலீஸ் சட்டம் 1859 செப்டம்பர் 6-இல் பிறந்தது. அந்தத் தேதியைத்தான் 2025 முதல் தமிழ்நாட்டில் காவலர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆணையர் அலுவலகம் வேப்பேரிக்குப் போனபின் காலியான எழும்பூர்ப் பழைய கட்டடம் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப்போங்கள்.

இப்போது நகரத்தின் எல்லை. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்கள். “சென்னைதான்” என்று முகவரி எழுதும் பல வாசகர்களின் வீடு, காவல் கணக்கில் சென்னையில் இல்லை. பள்ளிக்கரணைக்காரர் வேப்பேரிக்கு மனுவோடு போனால் தாம்பரத்துக்குப் போகச் சொல்வார்கள். சென்னை ஆணையரகத்துக்குள் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு ஓர் இணை ஆணையர். அவருக்குக் கீழே மயிலாப்பூர், அடையாறு, பூக்கடை, புளியந்தோப்பு, அண்ணா நகர் என்பதுபோன்ற காவல் மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஆணையர். அதற்குக் கீழே உதவி ஆணையர், பிறகு நம் ஸ்டேஷன் ஆய்வாளர். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஈ-1 மயிலாப்பூர், டி-1 திருவல்லிக்கேணி, ஆர்-1 மாம்பலம், ஜே-2 அடையாறு, எச்-1 வண்ணாரப்பேட்டை என்று. உங்கள் தெரு எந்த எண்ணுக்குள் வருகிறது என்பதை இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கட்டடத்துக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டை, மிரட்டல், அடிதடி என்றால் சட்டம் ஒழுங்கு ஆய்வாளர். சங்கிலிப் பறிப்பு, வீடு புகுந்து திருட்டு என்றால் குற்றப்பிரிவு ஆய்வாளர். சாலையில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர்கள் போக்குவரத்துப் பிரிவு. ஆனால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் வழக்கைப் பதிவுசெய்து விசாரிப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. காப்பீட்டுத் தொகைக்காக அலையும் குடும்பங்கள் முதல் வாரத்தைத் தவறான மேசைமுன் நின்றே கழித்துவிடுகின்றன. நில மோசடி, வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றுதல், வங்கி மோசடி போன்ற பெரிய வழக்குகளைக் கையாள வேப்பேரியில் மத்திய குற்றப்பிரிவு இருக்கிறது. ஆயுதப்படை, குதிரைப்படை, மோப்ப நாய்ப் பிரிவு, நுண்ணறிவுப் பிரிவு ஆகியவற்றோடு நமக்கு நேரடி வேலை அதிகம் வராது. மெரினா மணலில் குதிரைமேல் வரும் காவலரைப் பார்த்துக் குழந்தை கையாட்டினால் போதும்.

பெண்களுக்கான ஏற்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973-இல். அதற்குச் சுமார் இருபதாண்டுகள் கழித்து, 1992-இல், மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. இன்று நகரெங்கும் மகளிர் நிலையங்கள் உள்ளன. வரதட்சணைக் கொடுமை, குடும்ப வன்முறை, குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்கள் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன. ஆனால் அங்கே மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு அடி வாங்கிக்கொண்டு தெருவில் நிற்கும் பெண் மகளிர் நிலையத்தைத் தேடி அலைய வேண்டாம். எந்த நிலையமும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். “எங்கள் எல்லை இல்லை” என்று சொல்லித் திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பெண்களையும், அறுபது வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

புகார் கொடுத்தால் கையில் என்ன வாங்க வேண்டும்? நம் ஊரில் முதலில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீது. சமுதாயப் பணிப் பதிவேட்டில் உங்கள் புகார் ஏறிவிட்டது என்பதற்கான சான்று அது. பதிவேட்டு எண்ணும் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். “ரைட்டர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாங்க” என்ற பதிலை ஏற்றுத் திரும்பாதீர்கள். ஆய்வாளரைப் பார்க்கக் காத்திருங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் உதவி ஆணையர், துணை ஆணையர் என்று மேலே போகலாம். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினாலும் செல்லும்.

இனி அந்த மடிப்பாக்கம் வாசகருக்குப் பதில். நீங்கள் எந்த ஸ்டேஷனுக்கும் போக வேண்டாம். ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ் போன்றவை தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவையில் விவரம் கொடுத்து, தொலைந்த ஆவண அறிக்கையை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. ஒரே நிபந்தனை, அது தொலைந்ததாக இருக்க வேண்டும். திருடுபோயிருந்தால் நிலையத்தில் புகார்தான்.

பணம் பறிகொடுத்தவருக்கு: முதலில் 1930-ஐ அழையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. திருடிய பணம் கணக்கு மாறிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அது எங்கேயாவது நிற்கும்போதே முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. அந்த முதல் சில மணி நேரத்தை மகனிடம் சொல்லலாமா, அவமானமாயிற்றே என்று யோசித்தே பலர் இழக்கிறார்கள். சென்னையில் ஒவ்வொரு காவல் மாவட்டத்திலும் துணை ஆணையரின் கீழ் சைபர் பிரிவு இருக்கிறது. ஓய்வுபெற்ற வாசகர்களுக்குக் குறிப்பாக ஒன்று. வீடியோ அழைப்பில் சீருடையோடு வந்து “டிஜிட்டல் அரெஸ்ட்” என்று சொல்பவன் போலீஸ் அல்ல. அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

மூன்றாவது கடிதம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தனியாக இருக்கும் அம்மா. பிள்ளைகள் பெங்களூரிலோ, டெக்சாஸிலோ. மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் நங்கநல்லூரிலும் இப்படி எத்தனை வீடுகள்! தனித்து வாழும் முதியோருக்காகச் சென்னை காவல்துறை 2023-இல் ‘பந்தம்’ என்ற சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்னால், 2021-இல், ஆணையராக இருந்த மகேஷ்குமார் அகர்வால் காலத்தில் ‘காவல் கரங்கள்’ வந்தது. தெருவில் ஆதரவின்றித் திரிபவர்கள், மனம் பிறழ்ந்து அலைபவர்கள், வீட்டை விட்டு விலகிவந்த முதியவர்கள் ஆகியோரைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து மீட்டு, மருத்துவமனையிலோ காப்பகத்திலோ சேர்க்கும் பிரிவு இது. மொழி புரியாத வடமாநிலப் பெண் ஒருத்தி சென்ட்ரல் பக்கம் கிழிந்த சேலையோடு நிற்கிறாள் என்றால், அவளைக் குளிக்கவைத்து, உடை கொடுத்து, எந்த ஊர் என்று மெல்ல விசாரித்து, அந்த ஊர்ப் போலீஸைப் பிடித்துக் குடும்பத்தைத் தேடும் வேலை. பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதைச் செய்கிறவர்களுக்கு நாம் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

நன்றியோடு ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் சென்னைக்கு வந்த ஆணையர்களை வரிசையாக எண்ணிப்பாருங்கள். ஏ.கே.விஸ்வநாதன், மகேஷ்குமார் அகர்வால், சங்கர் ஜிவால், சந்தீப் ராய் ரத்தோர், அருண். ஏறக்குறைய ஒவ்வொருவர் காலத்தோடும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விஸ்வநாதன் காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்று நகரமெங்கும் கேமராக்கள், அகர்வால் காலத்தில் ‘காவல் கரங்கள்’, ஜிவால் காலத்தில் பள்ளி மாணவர்களுக்கான ‘சிற்பி’, ரத்தோர் காலத்தில் ‘பந்தம்’. எல்லாம் நல்ல எண்ணத்தில் பிறந்தவை. நல்ல பெயர்களும்கூட. ஆனால் ஆணையர் மாறும்போது கவனமும் மாறுவது அலுவலகங்களின் இயல்பு. தொடக்கவிழா மேடை பிரிக்கப்பட்ட பிறகு, மூன்றாம் ஆண்டில், அந்தத் தொலைபேசியை யார் எடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

நாம் மறந்துவிடும் இன்னொரு செய்தி, இந்தச் சேவைகளில் பல சட்டப்படியே காவல்துறையின் கடமைகள் என்பது. மனநலம் குன்றித் திரிபவர்களைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ வசதிக்கு அழைத்துப்போகும் பொறுப்பை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007 சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளைப் படித்தபோது வியந்துபோனேன். ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் வாழும் முதியோரின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், தனியாக இருப்பவர்களை மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும். ஆகவே உங்கள் அம்மாவின் பெயரைப் பக்கத்து நிலையத்தில் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்பது யாருடைய தயவையும் கேட்பதாகாது. உரிமையோடு கேளுங்கள். ஊருக்குப் போகும்போது வீடு பூட்டிக்கிடக்கும் என்று எழுதிக்கொடுத்தால் ரோந்துக் காவலர் வந்து பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அதையும் கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் ஆணையர் மாறினாலும் வழக்கம் மாறாது.

சேவைகளில் என் மனசுக்கு நெருக்கமானது காவல் சிறார் மன்றம். இதற்கு விளம்பரம் குறைவு. வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும் ஹவுசிங் போர்டுக் குடியிருப்புகளிலும் ஓர் அறை, ஒரு கேரம் போர்டு, சில புத்தகங்கள், மாலையில் பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியர். பள்ளி விட்டதும் வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். ஸ்டேஷன் காவலர் வந்து எட்டிப்பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “ஏன்டா நேத்து வரலை?” என்று கேட்கிறார். அந்தப் பகுதிகளில் ஒரு பையன் போலீஸ்காரரை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் சந்தேகக் கேஸில்தான். கேரம் போர்டின் எதிர்ப்பக்கத்தில் அவரை முதலில் சந்தித்த பையனுக்கு உலகம் வேறுமாதிரித் தெரியும். காவலருக்கும் அப்படித்தான். அவன் முகம் தெரிந்துவிட்டால் தெருமுனையில் கூட்டமாக நிற்கும்போது அவனை இன்னொரு கண்ணோடு பார்ப்பார். 2022-இல் தொடங்கிய ‘சிற்பி’ நூறு பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. அதுவும் இந்த நோக்கத்தின் இன்னொரு வடிவம்தான். ஆனால் மன்றத்துக்கு இருக்கிற தெருவோர உறவு தனி. எனக்கு அதிகாரம் இருந்தால் கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்த அறைகளுக்கு மின்விசிறி வாங்கவும் ஆசிரியர்களின் சம்பளத்தைக் கூட்டவும் ஒதுக்குவேன்.

இவ்வளவும் நம்பிக்கையின்மேல் நிற்பவை. அது எவ்வளவு எளிதில் உடையும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். ‘காவல்துறை நண்பர்கள்’ என்ற அமைப்பு 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப்பின் முயற்சியில் தொடங்கி, மாநிலம் முழுவதும் பரவி, வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகி உயிரிழந்தார்கள். அந்தக் கொந்தளிப்பில் சில வாரங்களிலேயே அந்த அமைப்புக்கு அரசு தடை விதித்தது. இருபத்தேழு ஆண்டுகள் கட்டியது ஓர் இரவில் நடந்த கொடுமையின் விளைவாகப் போயிற்று. நிலையங்களில் கேமரா பொருத்த வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கேமராக்கள் எல்லா நிலையங்களிலும் எல்லா நேரமும் இயங்க வேண்டும் என்பது நம் உறுதியான கோரிக்கை. காவலில் ஓர் உயிர் போனால் ஆயிரம் சிறார் மன்றங்களின் உழைப்பு அதோடு போகிறது. காவல்துறையை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

சீருடைக்குள் இருப்பவர்களைப் பற்றியும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021 நவம்பர் மழையில், கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் நினைவிழந்து கிடந்த இளைஞரை, இறந்துவிட்டதாகச் சுற்றியிருந்தவர்கள் நினைத்தபோது, டி.பி.சத்திரம் ஆய்வாளர் ராஜேஸ்வரி தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அந்த இளைஞர் பிறகு மருத்துவமனையில் இறந்துபோனார் என்பது நெஞ்சை அடைக்கும் செய்தி. அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூனில், மாம்பலம் ஆய்வாளர் பாலமுரளி கொரோனாவுக்கு உயிரைக் கொடுத்தார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில் தெருவில் நின்றவர் அவர்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஓய்வு வேண்டாமா? காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வாரம் ஒருநாள் விடுப்பு என்று 2021-இல் அரசாணை வந்தது. ஆனால் விநாயகர் ஊர்வலம், சேப்பாக்கம் கிரிக்கெட், தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் அது கைவிட்டுப் போகிறது. இரவு ரோந்து முடித்து, காலை ரோல் காலுக்கு நின்று, மதியம் ஊர்வலத்துக்குப் போன ஏட்டு, மாலையில் மனுவோடு வரும் கிழவியிடம் சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் மேசையில் நடக்கும் சேவைதான் எல்லாச் சேவைகளிலும் பெரியது. அவரைத் தூங்கவிட்டால்தான் அது சரியாக நடக்கும். சாலை சந்திப்பில் நிற்பவர்களுக்குக் கோடையில் மோர் கொடுக்கிறார்கள், மகிழ்ச்சி. நிழலும் கழிப்பறையும்கூட வேண்டும், முக்கியமாகப் பெண் காவலர்களுக்கு.

நடுப்பக்கத்தில் தேவையான எண்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அவசரத்துக்கு 100 அல்லது 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, பண மோசடிக்கு 1930. வெட்டியெடுத்து ஃபிரிட்ஜ் கதவிலோ, பூஜை அறை வெளிச்சுவரிலோ, தாத்தா பாட்டி கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அதன் கீழே ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறோம். உங்கள் ஸ்டேஷனின் பெயரையும் எண்ணையும் நீங்களே அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களுமாக நம் வாசகர்கள் ஏராளமானவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் சிறார் மன்றம் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் கணக்கோ ஆங்கிலமோ சொல்லித்தர முடியுமானால் ஆய்வாளரைப் பார்த்துச் சொல்லுங்கள். அங்கே என்ன நடந்தது, எப்படி வரவேற்றார்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எங்களுக்கும் எழுதுங்கள். நல்லதோ குறையோ, அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்